எட்டில் இரண்டு

என் கணவர் ஹட்டன் டவுனில் ஒரு சின்ன ஸ்டூடியோ நடத்தினார். கல்யாணம், பெண் பெரியவளான சடங்கு, கோயில் திருவிழா என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் வீடியோ எடுப்பார். பிறகு கடையின் பின்னறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் படமாக்கிக் கொடுப்பார். முன்பக்கம் என்னுடையது. அடையாள அட்டைக்குப் போட்டோ எடுப்பது, போட்டோ பிரதி, லேமினேட் என்று நாள் ஓடிவிடும். பின்னறையில் இருந்த பெரிய கம்பியூட்டரை நான் துடைத்திருக்கிறேனே தவிர, அதில் உட்கார்ந்து வேலை செய்ததில்லை.

ஆடி மாதம் ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவுக்குள், என் மடியிலேயே முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆனபின் கடையைத் திறந்தேன். வேறு பிழைப்பு தெரியாது. வீடியோ எடுக்கக் கேட்டு வந்தவர்களிடம் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பின்னறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

வருடக் கடைசியில் அந்த மழை வந்தது. இங்கே மழை புதிதில்லை. ஆனால் அந்த முறை மலைகளே நகர்ந்தன. கண்டிப் பாதை அடைபட்டது, நுவரெலியாப் பாதை அடைபட்டது, கரண்ட் போனது, போன் போனது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றின் மேல் மண் இறங்கிவிட்டது என்ற செய்தி எங்களுக்கு வந்து சேரவே நாளாயிற்று.

மழை விட்டு, பஸ் பாதித் தூரமாவது ஓடத் தொடங்கியதும், அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். யாரோ கொடுத்த சட்டை, யாரோ கொடுத்த பாவாடை. இரண்டும் அவருக்குப் பெரிதாக இருந்தன.

"தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரருதான் எங்க மக சடங்குக்கு வீடியோ புடிச்சாரு. அது இன்னும் இருக்குமா?"

"அப்பவே படம் குடுத்திருப்பாரே அக்கா?"

"குடுத்தாரு. எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. மகளும் போயிருச்சு. அவுங்க அப்பாவும் போயிட்டாரு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மண் இறங்கிய அன்று அவர் டிக்கோயா ஆஸ்பத்திரியில் தன் அக்காவுக்குத் துணையாக இருந்திருக்கிறார். பாதை அடைபட்டுவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். நடந்தும் லொறியில் தொற்றியும் திரும்பிவந்து பார்த்தபோது லயம் நின்ற இடமே தெரியவில்லை. மகளின் உடலை எடுத்துவிட்டார்கள். கணவரை இன்னும் தேடுகிறார்கள்.

"மக கருமாதிக்கு வைக்க ஒரு போட்டோகூட இல்ல. அப்பறம்... அது பேசுறத ஒருக்கா கேக்கணும். எனக்கு அது கொரல் மறந்துருமோன்னு பயமா இருக்கு."

பின்னறையைத் திறந்தேன். நல்ல வேளையாக அப்போது கரண்ட் இருந்தது. என் கணவர் ஊர்ப் பெயர் போட்டு ஒவ்வொரு விசேஷத்தையும் தனித்தனியாக வைத்திருந்ததால் படம் உடனே கிடைத்தது. அதிலிருந்து ஒரு முகத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். பிறகு படத்தை ஓடவிட்டேன். எல்லாச் சடங்கு வீடியோவையும் போல முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டுதான். பெண் சிரிக்கிறாள், தோழிகளிடம் என்னவோ சொல்கிறாள், மேலே பாட்டு ஓடுகிறது.

"வாய் அசையுது தங்கச்சி. பேசுறது கேக்கலையே."

பாட்டுப் போடுவதற்கு முன்பு கேமராவில் எடுத்த அசல் துண்டுகள் இருக்குமே என்று தேடினேன். இருந்தன. ஒன்றைத் திறந்தேன். படம் வந்து உறைந்து நின்றது. பிறகு ஒரு துள்ளல் துள்ளி மறுபடி நின்றது. ஒலி துண்டுதுண்டாக வந்தது. "ம்" என்றது, ஒரு இரைச்சல், பிறகு "மா". அவ்வளவுதான். அந்தத் தாய் திரைக்குப் பக்கத்தில் குனிந்து காதைக் கொண்டுபோனார். மறுபடி "ம்". மறுபடி இரைச்சல். என்னால் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

"ஒடஞ்சிருச்சா?"

"இல்லக்கா. வீடியோ நல்லாத்தான் இருக்கு. கம்பியூட்டருதான் இழுக்க மாட்டேங்குது. நா சரி பண்ணிக் கொண்டாந்து தாறேன்."

எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தெரியாது. டவுனில் இருந்த இன்னொரு ஸ்டூடியோக்காரர் மழைக்கு முன்னால் ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. அசலைச் சிறிய வீடியோவாக மாற்றிவிட்டால் எந்தப் போனிலும் ஓடும் என்பது மட்டும் தெரியும், என் கணவர் செய்து பார்த்திருக்கிறேன். மாற்றப் போட்டேன். ஆமை வேகத்தில் நகர்ந்தது. அந்த நாட்களில் கரண்ட் வருவதும் போவதும் யார் கையிலும் இல்லை. பாதி ஆவதற்குள் கரண்ட் போய், எல்லாம் முதலிலிருந்து. மறுநாளும் அப்படித்தான்.

அந்தக் கம்பியூட்டர் அவ்வளவு மந்தமானதில்லை. கண்டியில் வாங்கிவந்த நாளில், "இதுக்கு எட்டுக் கோர், ஒரே நேரத்துல எட்டு ஆளு வேல செய்ற மாதிரி" என்று என் கணவர் வாய் ஓயாமல் சொன்னார். கோர் என்றால் புரொசஸருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது மெஷின் என்ன செய்கிறது என்று காட்டும் திரையைத் திறந்து பார்த்தேன். கோர் என்ற இடத்தில் இரண்டு என்று இருந்தது.

அதை விற்ற கண்டிக்காரரின் நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. போன் திரும்ப வந்திருந்ததால் கூப்பிட்டேன். சிங்களவர். என் கணவர் போன விஷயம் அவருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். பிறகு சிங்களத்திலேயே பொறுமையாக வழிகாட்டினார்.

"முதலில் மதர்போர்ட் எத்தனை சொல்கிறது என்று பார்ப்போம் அக்கா. அணைத்துவிட்டுப் போடுங்கள். எழுத்து வரும்போதே டிலீட்டை அழுத்திக்கொண்டே இருங்கள்."

விண்டோஸ் வருவதற்கு முன்பு வரும் அந்தத் திரையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. தேடிப் படித்தேன். எட்டு என்றே இருந்தது.

"அப்படியானால் புரொசஸர் சாகவில்லை. போர்டுக்கும் அது தெரிகிறது. விண்டோஸ்தான் இரண்டோடு நிற்கிறது."

பிறகு விண்டோஸ் தொடங்கும் முறையை மாற்றும் இடத்துக்கு என்னைக் கொண்டுபோனார். அங்கே ஒரு சின்னக் கட்டம். புரொசஸர் எண்ணிக்கை. அதில் சரி அடையாளம் போட்டு, பக்கத்தில் 2 என்று தேர்ந்தெடுத்திருந்தது.

"இது தானாக வராது அக்கா. யாராவது கை வைத்திருக்க வேண்டும்."

"எங்க வீட்டுக்காரரைத் தவிர யாரும் தொட்டதில்லையே."

"அவருக்கு இது தெரியாமல் இருக்காது. ஏதோ காரணத்தோடுதான் செய்திருப்பார். பார்த்துச் செய்யுங்கள்."

எனக்கு அப்போது காரணம் வேண்டியிருக்கவில்லை. அடையாளத்தை எடுத்துவிட்டு, கம்பியூட்டரை அணைத்துப் போட்டேன். எட்டு வந்தது. சடங்குத் துண்டைத் திறந்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது.

அந்தப் பெண்ணின் குரல் அறைக்குள் வந்தது. "ம்மா, ஊக்கு குத்துது. மெதுவாம்மா." சேலை கட்டிவிடும் கைகள் தெரிந்தன. "நீ ஏன் இப்ப அழுவுற? நா என்ன கல்யாணம் கட்டியா போறேன்?" என்று சிரித்தாள். அடுத்த துண்டில் சாப்பாட்டுப் பந்தல். ஒரு ஆள் தோளில் துண்டோடு கேமராவை நோக்கி வந்தார். அவளுடைய அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

"தம்பி, சாப்புட்டீங்களா?"

"இருக்கட்டும் அண்ணே. வேலைய முடிச்சிட்டுச் சாப்புடுறேன்."

பதில் சொன்னது என் கணவர். கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் குரலும் விழும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நான் அதற்குத் தயாராக இருக்கவில்லை. அவர் இறந்தபின் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. கை தானாகப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டது. மறுபடி. எத்தனையாவது முறையோ, "இருக்கட்டும் அண்ணே" என்பதோடு திரை கறுத்தது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். மேலே லைட் எரிந்துகொண்டிருந்தது. கம்பியூட்டரைப் போட்டேன். வந்தது, கொஞ்சம் ஓடியது, அணைந்தது. பெட்டிக்குள்ளிருந்து சூடு பிடித்த வாடை வந்தது. பக்க மூடியைக் கழற்றினேன்.

புரொசஸருக்கு மேலே அதைக் குளிர வைக்கும் காற்றாடி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கால்களில் ஒன்று முறிந்திருந்தது. முறிந்த பக்கம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய செம்புக் கம்பியால் என் கணவர் இழுத்துக் கட்டியிருந்தார். சுற்றி முறுக்கி, நுனியை உள்ளே மடக்கி, கையைக் கிழிக்காதபடி. அவர் எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவார்.

கண்டிக்காரருக்கு மறுபடி போன் போட்டேன். கேட்டுவிட்டு, "அதுதான் காரணம்" என்றார். "எட்டும் வேலை செய்தால் அந்தச் சூட்டை இது தாங்காது. அதனால்தான் இரண்டாகக் குறைத்திருக்கிறார். புதிய காற்றாடி என்னிடம் இருக்கிறது அக்கா. பாதை திறக்காமல் எப்படி அனுப்புவது?"

கடைசி மாதங்களில் அவர் கடையை விட்டு வரவே நேரமாகும். வேலை மெதுவாக ஓடுகிறது என்பார். உடம்பு முடியாமல்தான் மெதுவாகச் செய்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். காற்றாடியின் கால் முறிந்ததை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று இருந்திருப்பார். நெஞ்சு வலியையும் அதற்கு முன்பே எத்தனை முறை அப்படி மறைத்து வைத்திருந்தாரோ, தெரியாது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து எண்ணிக்கையை மறுபடி இரண்டாக்கினேன். மூடியைத் திறந்தே வைத்து, மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். நீளமாக மாற்றினால்தானே கரண்ட் போகும்போது எல்லாம் வீணாகிறது? அதனால் பெண்ணின் குரல் வரும் இடங்களை மட்டும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினேன். ஒரு துண்டு முடிந்தால் அது முடிந்ததுதான், கரண்ட் போனாலும் போகாது. துள்ளித் துள்ளி ஓடும் வீடியோவில் எங்கே பேசுகிறாள் என்று வாயைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பந்தல் துண்டையும் சேர்த்துக்கொண்டேன். அதை அந்தத் தாய் கேட்கவில்லை. சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு மனதாக இருந்துவிட்டுத்தான் சேர்த்தேன்.

எல்லாம் ஆகும்போது கருமாதி முடிந்துவிட்டது. மறுநாள் பஸ் போகும் தூரம் வரை போய், மீதியை நடந்து, வீடு இழந்தவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பறைக்குள் மேசைகளை அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். கரும்பலகையில் யாருடைய சேலையோ காய்ந்தது. நான் பிரிண்ட் எடுத்த போட்டோ ஒரு நாற்காலியில் பூவோடு இருந்தது.

அந்தத் தாயின் அக்கா மகனின் போனில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தேன். பக்கத்துப் பாய்க்காரர்களும் வந்து சூழ்ந்தார்கள். "ம்மா, ஊக்கு குத்துது" என்றதும் அந்தத் தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழவில்லை. மறுபடி போடச் சொன்னார். மறுபடி. சுற்றி நின்றவர்கள்தான் அழுதார்கள்.

போன் தானாக அடுத்த துண்டுக்குப் போய்விட்டது.

"தம்பி, சாப்புட்டீங்களா?"

அந்தத் தாய் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஐயோ, இவரு" என்றார். "இவரு பேசுறாரே." அப்போதுதான் உடைந்தார். அவர் போட்ட சத்தத்தில் அடுத்த வகுப்பறையிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் போனை அணைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து, குரல் கம்மிப்போன பிறகு, என்னிடம் சொன்னார்: "இவருக்குக் காரியம் செய்றதா வேணாமான்னு பெரியவுங்க பேசிக்கிட்டு இருக்காங்க. ஒடம்பு கெடைக்கலல்ல." பிறகு கேட்டார். "அந்த மத்த கொரலு?"

"எங்க வீட்டுக்காரரு அக்கா. அவரும் ஆடியில போயிட்டாரு."

அவருக்கு அது தெரியாது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குச் சாப்புட்டுத்தான் போனாரு தங்கச்சி. நாந்தான் போட்டேன். கறி நல்லா இருக்குன்னு ரெண்டாவது தரமும் கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு."

நான் தலையாட்டினேன். இரண்டு பேரும் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தோம்.

பாதை திறந்ததும் கண்டியிலிருந்து காற்றாடி வந்தது. மாட்டினேன், எட்டும் ஓடுகிறது. கல்யாண வீடியோ எடுக்க ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு இப்போது நானே போகிறேன். தேடுவதைக் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாயின் கணவர் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். அந்தத் தாய்க்கு அதே தோட்டத்தில், அதே மலையின் மறுபக்கத்து லயத்தில் ஓர் அறை கிடைத்தது. காலையில் கொழுந்து பறிக்கப் போகிறார். மழை வலுத்தால் மண் இறங்கும் என்று வெளியேறச் சொல்கிறார்கள், அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகிறார். மழை விட்டதும் அந்த அறைக்கே திரும்பி வருகிறார்.