இரண்டு புத்தகம், ஒரு அட்டை

இடக்கையில் ஒரு புத்தகம், வலக்கையில் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் கை மாற்றிக்கொள்கிறார். பிறகு இரண்டையும் என் மேசைமேல் வைத்து, ஓரம் நேராக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார். "ஒரு நிமிஷம்க்கா," என்கிறார். பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் கண்ணை உருட்டுகிறார்கள். எங்கள் கல்லூரி நூலகத்தில் அவருக்குப் பெயரே "ஒரு நிமிஷம்" என்று ஆகிவிட்டது. வைத்தது நான்தான்.

ஒன்று நுண்ணினப் பொருளியல், மற்றது பேரினப் பொருளியல். கல்லூரியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, மைக்ரோ, மேக்ரோ என்றால்தான் தெரியும். முதலாண்டுக்காரர்கள் இந்தப் பருவத்தில் இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும், மற்றதைப் பின்னால் படித்துக்கொள்ளலாம். இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில், எதிரெதிர் அறைகளில். முதல் இரண்டு வாரம் எதில் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, துறை அலுவலகத்தில் முடிவைச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சிநேகிதர்கள் எங்கே போனார்களோ அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். இவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதனால் யோசிக்கிறார்.

வேலை ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில். காலையிலிருந்து வீங்கிய கன்னங்களைப் பார்த்து "ஒரு நிமிஷம் உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தை நாக்கிலேயே குடியேறிவிட்டது. கிட்டே வந்தால் கிராம்புத் தைல வாசனை. கல்லூரிப் பையில் பேனாவோடு கையுறைப் பெட்டி ஒன்றும் இருக்கும். காலிப் பெட்டிதான், அதற்குள் ரப்பர், பென்சில், தலைவலி மாத்திரை.

இன்னொரு வழக்கமும் உண்டு. நூலகப் புத்தகத்துக்கு அட்டை போடுகிறவர் என் அனுபவத்தில் இவர் ஒருவர்தான். எங்கள் விதிப்படி ஒருவருக்கு ஒரு பாடப்புத்தகம், பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே மைக்ரோவை எடுத்துப்போய், பழுப்புத் தாள் வாங்கி, மடிப்பு பிசகாமல் அட்டை போட்டுக் கொண்டுவந்தார். "நம்ம வீட்டுல குழம்பு கிழம்பு பட்டுடும்க்கா." புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற ஜென்மங்களையே பார்த்துப் பழகிய எனக்கு, அன்றைக்கே அவரைப் பிடித்துப்போயிற்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நூலகத்தில் சிரித்த முகம் காட்டினால் அபராதம் வசூலாகாது.

அட்டை போட்ட பிறகும் சந்தேகம் தீரவில்லை. வருகிறபோதெல்லாம் அலமாரியிலிருந்து மேக்ரோவை உருவிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்களுக்கு எதுதாங்க பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"மைக்ரோதான்க்கா. அதுல ஒரு கடை, ஒரு வீடு, ஒரு ஆள்னு பேசறாங்க. ஒருத்தர் வாயைத் தொறந்தா எந்தப் பல்லுன்னு எட்டிப் பார்த்துடலாம். மேக்ரோவுல ஊரே ஒண்ணா வாயைத் தொறந்துட்டு உக்காந்திருக்கு. நான் எங்கேன்னு போய்ப் பார்க்கறது?"

"அப்புறம் என்ன, எடுங்களேன்."

"எடுத்துடலாம்தான். ஆனா தப்பாப் போயிட்டா?"

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. வாரத்தில் இரண்டு பிற்பகல் விட்டுவிட டாக்டர் சம்மதித்தது இந்த ஒரு பருவத்துக்குத்தான். தேறினால் தொடரலாம் என்றாராம். "தேறலேன்னா டாக்டர்?" என்று இவர் கேட்டதற்கு, அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறதாம். பள்ளி முடித்ததும் கல்யாணம், பிறகு பிள்ளை, பிறகு வேலை. இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த இடம் இது. மறுபடி கிடைக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டார். கணவர் மின்சார வேலைக்காரர். "எதை எடுத்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதணும், அவ்வளவுதானே" என்று ஸ்விட்ச் போர்டிலிருந்து திரும்பாமலே சொல்லிவிட்டார். பேருந்து ஓட்டுநரைக் கேட்டார். பல் பிடுங்கிப் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரையும் கேட்டிருக்கிறார். பாவம், அந்த மனிதர் தலையாட்டினார், எதற்கென்று தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் மைக்ரோவில் தொடங்கச் சொன்னார்கள். ஒரே ஒருத்திதான் மேக்ரோ என்றாள். அவருடைய மகள்.

மகளும் இதே கல்லூரிதான், இரண்டாம் ஆண்டு. அம்மாவுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்ததே அவள்தான். ஆனால் சேர்ந்த பிறகு வாசலில் பார்த்தால் லேசாகத் தலையசைத்துவிட்டுத் தோழிகளோடு நகர்ந்துவிடுவாள். "அவளுக்குக் கூச்சம்க்கா. நானும் கண்டுக்கறதில்லை" என்பார் இவர், ஏதோ ஒப்பந்தம்போல. மகள் போன வருஷமே மைக்ரோவை முடித்துவிட்டாள் என்பதில் அவருக்குப் பெருமை. "எல்லாத்துலயும் பாஸ். அவங்கப்பா வேலைக்குப் போற வீட்டுல எல்லாம் சொல்லிட்டு வந்துட்டாரு. அவளே சொல்றா, மைக்ரோ வேணாம்மா, ஒரே அறுவை, மேக்ரோ எடுன்னு. படிச்சவ சொல்றா. அதான் குழப்பமா இருக்கு."

அவர் இதைச் சொன்னபோது நான் முத்திரை மையைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஏன் நிமிரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முந்தின வாரம், மைக்ரோ வகுப்பு நடக்கிற நேரத்தில், பழைய செய்தித்தாள் அடுக்குக்குப் பின்னால் அவருடைய மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தாள்கூட விரித்து வைக்கவில்லை. என்ன என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. மைக்ரோவில் போன வருஷம் தோற்றுப்போயிருந்தாள். வீட்டில் சொல்லவில்லை. இந்த வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளோடு திரும்ப உட்கார வேண்டும், அந்த அறையில் அம்மா உட்கார்ந்திருந்தார். "வருகை குறைஞ்சா இந்தத் தடவையும் எழுத விடமாட்டாங்க மேடம். அம்மா அங்க இருந்தா நான் எப்படிப் போறது? அவங்ககிட்ட சொல்லிடாதீங்க மேடம், ப்ளீஸ்." பாடப்புத்தகம் இருக்கிறதா என்றும் கேட்டாள். இருந்த பிரதியெல்லாம் போய்விட்டது, கடைசிப் பிரதி உங்க அம்மாவிடம் என்றேன். 

அன்றிலிருந்து எனக்கும் நிம்மதி போயிற்று. அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் நான் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். மேக்ரோ எடுங்கள் என்று நானே சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வரும். அந்தப் பாடத்தில் இந்த அம்மாள் தோற்றுப்போனால், மருத்துவமனை மேசைக்கே திரும்பிப் போய்விடுவாரே என்று விழுங்கிக்கொள்வேன். புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவளுக்கு இந்த வேண்டாத வேலை எதற்கு?

முடிவு சொல்லக் கடைசி நாள். மகள் திரும்பத் திரும்பச் சொன்னதற்காக அன்று அவர் மேக்ரோ வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டு போனார். வகுப்பு பாதிகூட முடிந்திருக்காது, நூலகக் கதவு திறந்தது. நேராக வந்து என் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பை மடியிலேயே இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணும் புரியலக்கா. போர்டுல கோடு கோடாப் போடறாரு, எல்லாரும் தலையாட்டறாங்க. பயந்துபோய் வெளிய வந்துட்டேன். சரி, மைக்ரோவுலயே போய் உக்காந்துடலாம்னு எதிர் ரூம் கதவுகிட்ட போனேன்."

 நான் பேனா மூடியைத் தேடினேன். அது பேனாவில்தான் இருந்தது.

"கதவுல கண்ணாடி இருக்குல்ல. முதல் பெஞ்சுல உக்காந்திருக்கா. சின்னப் பசங்களுக்கு நடுவுல. சார் ஏதோ கேட்டாரு, எழுந்து நின்னு பதில் சொன்னா. நல்லாத்தான் சொல்லியிருப்பா போல, சார் தலையாட்டினாரு." என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. தலையசைத்தேன். 

"நான் அங்க இருந்தா அவ வரமாட்டாதானே?"

"ஒருநாள் இங்கதான் வந்து உக்காந்திருந்தா," என்றேன்.

வகுப்பு நேரமாதலால் நூலகத்தில் ஆள் இல்லை. அவர் அழவில்லை. சுவரைப் பார்த்தபடி, "ஏன் என்கிட்ட சொல்லல? திட்டவா போறேன்?" என்றார். பிறகு அவரே, "அவங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. எப்படிச் சொல்லுவா" என்றார்.   ஆறுதலாக ஏதாவது செய்யத் தோன்றி, மின்விசிறியைக் கூட்டிவைத்தேன்.

வழக்கம்போல "நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து மேக்ரோவைக் கொண்டுவந்தார். பையிலிருந்து மைக்ரோவை எடுத்து, நகத்தால் ஒட்டுத்தாளை நெம்பி, பழுப்பு அட்டையைக் கிழியாமல் கழற்றினார். புத்தகம் புதிதுபோல இருந்தது. அதை என் பக்கம் தள்ளிவிட்டு, அதே தாளை மேக்ரோவுக்குச் சுற்ற ஆரம்பித்தார். அது தடித்த புத்தகம், தாள் எட்டவில்லை. பழைய மடிப்பு அட்டை நடுவில் கோடாகத் தெரிந்தது. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

"பயமா இருக்கா?" என்றேன்.

"ரொம்ப." மடிப்பை விடாமல் தேய்த்தார். "பாஸ் பண்ணுவேனான்னு தெரியலக்கா. டாக்டர் அடுத்த டெர்ம் விடுவாரான்னும் தெரியல. பார்ப்போம்."

துறை அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்றைக்கும் இல்லாத அதிசயமாக, போனதும் வந்ததும் தெரியவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், அந்தக் கூட்டத்தில் மகளும். அம்மாவைக் கண்டதும் கால் தயங்கியது. பிறகு கிட்டே வந்தாள்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். மேக்ரோதான். நீ சொன்னதுதான் சரி, மைக்ரோ ஒரே அறுவை."

மகளின் தோளிலிருந்து பை நழுவி முழங்கையில் தொங்கியது. அவள் அதை எடுத்து மாட்டவில்லை. "புரியுதா உனக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.

"புரியாம என்ன. அந்த புக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன், யாராவது வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்." என்னைப் பார்க்காமலே எழுந்தார். "ஒரு நிமிஷம், தண்ணி குடிச்சிட்டு வரேன்."

தண்ணீர்க் குழாய் நூலகத்தின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். மகள் ஒருமுறை அந்த முதுகைப் பார்த்தாள், பிறகு என் மேசைமேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய நூலக அட்டைக்காகக் கையை நீட்டினேன். அவசரமாகப் பையைத் துழாவினாள், கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டித் தேடினாள்.

குழாயடியில் டம்ளர் எப்போதோ காலியாகிவிட்டிருந்தது. என் முத்திரை விழுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் அவர் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.