சவரி அண்ணனின் சோதனைக் காசு

சவரிமுத்து அண்ணன் மறைந்த செய்தியை எனக்குச் சொன்னவர் உறவுக்காரர் இல்லை, மாதா கோயில் ஆளும் இல்லை. ஈப்போவில் பழைய காசு விற்கும் சீனர் ஆ லெக். நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் அன்று நல்ல கூட்டம். பதிவு மேசையில் உட்கார்ந்தபடியே தொலைபேசியை எடுத்தேன். "அக்கா, அங்கிள் செத்துப் போயிட்டான் லா. காலையில. தூக்கத்துலயே," என்றார். ஆ லெக்கின் அப்பா பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் ஆ லெக்குக்குத் தமிழ் நன்றாக வரும், மரியாதை மட்டும் வராது. எல்லோரும் அவருக்கு அவன், இவன்தான். அந்தச் "செத்துப் போயிட்டான்" என்பதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். பல் வலியோடு வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, நானும் அழுதேன்.

அண்ணனின் மனைவி ஸ்தெல்லா அக்கா முதலில் கூப்பிட்டது ஆ லெக்கைத்தான். பிள்ளைகளுக்கே அதற்குப் பிறகுதான் தகவல் போனது. இதே ஆ லெக்கைத்தான் நம் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஊரே கேட்கத் திருடன் என்று கத்தினார். அதை நம்பி நாம் எல்லோரும் பல வருஷம் அவர் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காசு சேர்க்கும் நம் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்தவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு பேசுவதில்லை. அண்ணன் இருந்திருந்தால் அவரே சொல்லிவிடுவார், அதுவும் சத்தமாக. அவர் இல்லாததால் நான் சொல்கிறேன்.

காசு சேர்ப்பவர்களுக்குக் காசு கிடைப்பது பெரிய விஷயமில்லை. நம்பி வாங்க ஒரு கடை கிடைப்பதுதான் பெரிய விஷயம். சந்தையில் கொட்டிக் கிடக்கும் நூறு வருஷத்துக் காசுகளில் பல, போன வருஷம் பிறந்தவை. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கவலையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவர் அண்ணன். அரசாங்க மருத்துவமனைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து இறங்கும் பஞ்சு மூட்டையைக்கூட நிறுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். "காசை அப்புறம் பாரு தங்கச்சி, மொதல்ல ஆளைப் பாரு," என்பார். "உக்காருங்கன்னு நாற்காலி போடுறவன்கிட்ட வாங்காதே. உன்னை ரொம்ப நேரம் வச்சிருக்கப் போறான்னு அர்த்தம்." நான் பழைய மலாயாவின் சதுரச் சில்லறையான சென் காசு சேர்க்கத் தொடங்கிய காலத்தில் இந்த நாற்காலி விதியை வேதவாக்காக வைத்திருந்தேன். முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

ஆளைப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. எட்வர்ட் ராஜா தலை போட்ட பெரிய வெள்ளி டாலர் ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். கல்யாணத்தில் அவர் மாமனார் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தது. மாமனார் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர். வெள்ளைக்காரத் தொரை ஊருக்குக் கப்பலேறும்போது அவர் கையில் அழுத்திவிட்டுப் போன காசாம் அது. புதுக் கடை என்று கேள்விப்பட்டால் அண்ணன் இருப்பதிலேயே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போவார். அந்த முகத்துக்கு அவர் பெரிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை என்பது ஸ்தெல்லா அக்காவின் கட்சி. காசைக் கண்ணாடி மேல் வைத்து, கல்யாணக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி, என்ன பெறும் என்று கேட்பார். நல்ல விலை சொன்னால் கடைக்காரர் யோக்கியர். அடிமாட்டு விலை சொன்னால் காசை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, மலாயில் "பென்சுரி", அதாவது திருடன், என்று தெருவே திரும்பும்படி கத்திவிட்டு வெளியே வந்துவிடுவார். ஏன் குறைத்துச் சொன்னாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நின்று கேட்டால் பேரம் பேசுகிறான் என்று நினைத்துவிடுவார்களாம்.

ஆ லெக் தோற்றது அப்படித்தான். காசை வாங்கிப் புரட்டினார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காசைப் பார்த்தார்.

"மாமனார் குடுத்ததா?"

"ஆமா லா. கல்யாணத்துல."

"பத்து வெள்ளி தர்றேன். என்கிட்டயே குடுத்துடு."

வெறும் பத்து ரிங்கிட். பிறகு நடந்ததைச் சந்தையே கேட்டது.

ஈப்போவில் ஒருவரும் தேறவில்லை. காம்பாரில் இருந்த கடையும் தேறவில்லை. தேறியவர் ஒரே ஒருவர், பாரிட் புந்தாரில் கடை வைத்திருந்த நம்மவர். அண்ணன் உள்ளே நுழைந்ததுமே நாற்காலி வந்தது, தேத்தண்ணி வந்தது, சுடச்சுடக் கறிபாப் பலகாரம் வந்தது. காசைப் பார்த்தவர் அதைத் தொடாமல் கைகூப்பினார். "இதைப் போயி விக்கலாமாண்ணே? பொக்கிஷம். பேரப் புள்ளைக்கு வைங்க," என்றார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடே அவரிடம் வேறு சில காசுகளை வாங்கினார். நாற்காலி விதி என்னாயிற்று என்று திரும்பும் வழியில் கேட்டேன். "அது பிளாஸ்டிக் நாற்காலி லா," என்றார்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் நம் கூட்டத்து மாரியின் வேனில் ஏறி, ஈப்போக் கடைகளையெல்லாம் தாண்டி, வயல்களைப் பார்த்தபடி பாரிட் புந்தாருக்கு யாத்திரை போனோம். பக்கத்துத் தெருவில் யோக்கியர்கள் இருக்க, டீசல் போட்டுப் போய் ஏமாந்து வந்த கூட்டம் பேராக்கில் நம்முடையது மட்டும்தான். அப்போது தெரியவில்லை. கறிபாப் நன்றாக இருந்தது.

பிறகு நாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மின்னணுத் தராசு வாங்கினோம். வழக்கமாகக் கூடும் ஒட்டுக்கடையில் தேத்தண்ணிக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு அதை மேசைமேல் வைத்தோம். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எடை தெரிந்த காசு ஒன்று வேண்டும். அண்ணன் சட்டைப்பையில் கைவிட்டார். "இதை வைங்க. இதுக்கு மேல அசல் கெடையாது," என்றார். வர வேண்டிய எடை வரவில்லை. தேய்மானம் என்று தட்டிக்கழிக்க முடியாத குறைவு.

"தராசு கெட்டுப் போச்சு," என்றார் அண்ணன். மாரி கடையில் கொடுத்து வேறு தராசு மாற்றி வந்தார். அதுவும் அதையே காட்டியது. "ஒரே கம்பெனி, ஒரே மாதிரிதான் பொய் சொல்லும்," என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா யாருக்கோ நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் நெத்திலியை நகர்த்திவிட்டுக் காசை வைத்தார். அந்தத் தராசும் கைவிட்டுவிட்டது. ஏதோ நம்மால் ஆன உதவி என்று அந்த அம்மா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து நீட்டினார். எட்வர்ட் ராஜா துள்ளிப் போய் அதில் ஒட்டிக்கொண்டார். நல்ல வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே அண்ணன்தான்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம். காசு போனதற்காக அவர் அப்படி நிற்கவில்லை. காசு போலி என்றால், குறைத்துச் சொன்னவர்கள் எல்லோரும் ஒழுங்காகச் சொன்னவர்கள். அவர் திருடன் என்று கத்தியது யோக்கியர்களைப் பார்த்து. நம்மையெல்லாம் நம்பச் சொல்லிக் கூட்டிப் போனது கறிபாப் கொடுத்தவரிடம். ஆள் பார்ப்பதில் பேர் எடுத்த மனிதர், அந்தப் பேர் முழுவதும் நெத்திலித் தராசின் மேல் கிடந்தது. வீட்டுக்குப் போய் நானும் என் பாரிட் புந்தார்க் காசுகளை நிறுத்தேன். அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

சில ஞாயிறுகள் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. வந்தபோது தவக்காலம் தொடங்கியிருந்தது. "ஆ லெக்கைப் பார்க்கப் போறேன். நீயும் வா தங்கச்சி. பொம்பளை கூட இருந்தா அடிக்க மாட்டான்," என்றார். சந்தை கலையும்வரை காத்திருந்து போகலாம் என்றேன். "வேணாம். கூட்டத்துல திட்டிட்டு, ஆள் இல்லாதப்ப மன்னிப்பு கேட்டா அது மன்னிப்பு இல்ல, பேரம்," என்றார்.

ஆ லெக்கின் மேசையைச் சுற்றி அன்று ஆட்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முன்னால் போய் நின்று, முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும், பூசை வைக்கிற குரலில் சொன்னார். "இவரு நல்லவரு. இவரைத் திருடன்னு சொன்னவன் நான்தான். நான் சொன்னது தப்பு." புதுவித விளம்பரம் என்று நினைத்து ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். ஆ லெக்கின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. "சரி லா, சரி லா, கத்தாதே, உள்ள வா," என்று மேசைக்குப் பின்னால் இழுத்தார். அவரும் ஒரு நாற்காலி போட்டார். அண்ணன் உட்கார்ந்தார்.

"பொய்க்காசுன்னு தெரிஞ்சும் ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று அண்ணன் கேட்டார்.

"எப்படி லா சொல்றது? நீ கல்யாணம், தொர, கப்பல்னு அவ்வளவு கதை சொன்னே. மாமனார் குடுத்ததைப் போயி பொய்யின்னு சொல்ல முடியுமா? பத்து வெள்ளி குடுத்து நானே வாங்கிட்டா, வேற எவன்கிட்டயும் போயி நீ அசிங்கப்பட மாட்டேன்னு பார்த்தேன். நீ நிக்கவே இல்லியே."

அண்ணன் கைக்குட்டையை எடுத்தார். நான் பக்கத்து மேசையில் ஜப்பான் காலத்து நோட்டுகளை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

அதன்பிறகு தவக்காலம் முழுவதும் அவர் திட்டிய கடைகளுக்கெல்லாம் போனோம். ஒருவருக்கு அண்ணனை நினைவே இல்லை. திருடன் என்று கத்துகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்களாம். காம்பாரில்தான் தாமதமாகிவிட்டது. காசு விற்றவர் காலமாகி, அந்த இடத்தில் கைபேசி உறை விற்கும் கடை வந்திருந்தது. திரும்பிவிடலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. அங்கிருந்த சீனப் பெண்மணியிடம் காசு, தொரை, நெத்திலி, காந்தம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் பாவம், பொறுமையாகக் கேட்டார். "எனக்கு அவரைத் தெரியாது அங்கிள், ஆனால் பரவாயில்லை," என்று மலாயில் சொன்னார். சும்மா வர மனமில்லாமல் அண்ணன் ஓர் உறை வாங்கினார். அது அவருடைய கைபேசிக்குப் பொருந்தாத உறை. காரில் ஏறியதும், "கேக்குறதுக்கு ஆளே இல்லாம போயிட்டாரு தங்கச்சி," என்றார்.

மிச்சம் இருந்தது ஸ்தெல்லா அக்கா. கடைக்காரர்களைவிட அவருக்குத்தான் அண்ணன் அதிகம் பயந்தார். அப்பா கொடுத்த காசை எப்படிப் பொய் என்பது? ஈஸ்டருக்கு முந்திய வாரம் ஒருவழியாகச் சொல்லிவிட்டார். அக்கா பயற்றங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தொர சும்மா குடுத்த காசு வேற எப்படி இருக்கும்?" என்றாராம்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அண்ணனும் ஆ லெக்கும் தொலைபேசியில் சண்டை போட்டார்கள். எந்தக் காசு அசல், எது வார்ப்பு, எவனுக்குக் கண் தெரியவில்லை என்று பேச்சு நீளும். அண்ணனின் கைபேசியில் ஆ லெக்கின் எண் எப்போதும் முதலாவதாக இருக்கும். ஸ்தெல்லா அக்கா அன்று காலை அழுத்தியது அதைத்தான்.

அடக்கத்துக்கு அவர் திட்டிய காசுக்காரர்களில் உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாரிட் புந்தார்க்காரர் வரவில்லை. ஆனால் இருந்ததிலேயே பெரிய மலர்வளையம் அவர் அனுப்பியது. "அண்ணே இருந்தா இதையும் நிறுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பாரு," என்றார் மாரி. அழுதுகொண்டிருந்த ஸ்தெல்லா அக்கா சிரித்துவிட்டார்.

போன ஞாயிறு நான் ஆ லெக்கிடம் ஒரு பழைய நோட்டை விற்கப் போனேன். அவர் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கை தானாக நோட்டை எடுக்கப் போனது. அடக்கிக்கொண்டு, ஏன் என்று கேட்டேன். அவர் காரணம் சொன்னார். எனக்குப் பிடித்த காரணம் இல்லை. சுற்றிலும் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிவரை நின்று கேட்டேன். அண்ணே, உங்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். அந்த வயதில், அத்தனை பேர் பார்க்க, ஒவ்வொரு கடையாகப் போய் நின்றீர்கள். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அப்படி நிற்பதை.