ஜீப்புக்கு முன்னால் அம்மா

டீசல் புகையும் ஃபாக்டரியில் காயும் தேயிலையின் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மணம் வரும். மஞ்சூர்ப் பக்கத்து எங்கள் எஸ்டேட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் சினிமாக்காரர்கள் ஜெனரேட்டர் வண்டியோடு மலையேறி வந்து ஃபாக்டரிக்குப் பக்கத்திலேயே அதை நிறுத்தி வைக்கும் வரைக்கும். பன்னிரண்டு நாள் இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் பிள்ளைகள் நாங்கள் சோறு தின்ன வீட்டுக்குப் போனதே பெரிய காரியம்.

படம் சாதியையும் அதிகாரத்தையும் பற்றியது. ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வந்து ஒரு கூலிக்காரப் பெண் ஜெயித்துவிடுகிறாள். ஊரின் பெரிய குடும்பம் அவளை நாற்காலியில் உட்கார விடுவதில்லை. அவள் பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்தில் என்று கதையில் இருந்ததால் எங்கள் மலைக்கு வந்திருந்தார்கள். கதையை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை, விளக்க வேண்டியதும் இல்லை. எஸ்டேட்டில் நான்கு வரிசை வீடுகள், நாங்கள் "லயம்" என்போம். எங்கள் வீடு கடைசி லயத்தில். கடைசி லயம் ஏன் கடைசி என்று கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் வந்தால்கூட முதல் லயம் குடம் நிறைத்துப் போன பிறகுதான் எங்கள் முறை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். "தொரை"யின் ஜீப் சத்தம் கேட்டால் ரோட்டில் நடக்கிறவர்கள் ஓரத்துக் "கானு"க்குள், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள், இறங்கி, தலைத்துணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஜீப் போன பிறகுதான் மேலே ஏற வேண்டும். தொரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம்மைப்போல இட்லி தின்கிற மேனேஜர்தான், ஆனாலும் தொரை தொரைதான். எங்கும் எழுதி ஒட்டிய சட்டமும் இல்லை. எங்கள் ஆட்கள் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தபோது தகரப் பெட்டியோடு இதையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கதாநாயகிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சல் வந்துவிட்டது. பெரிய மனிதரின் ஜீப் வரும்போது அவள் நடு ரோட்டில் நகராமல் நிற்கும் காட்சியை முதுகுப் பக்கமிருந்து எடுத்துவிடலாம் என்று, உயரத்தையும் உடல்வாகையும் பார்த்து அம்மாவைப் பிடித்தார்கள். அம்மா பெயர் சரோஜா, கொழுந்து பறிக்கிறவள். கூடையில் கொழுந்து பறிப்பது நின்றுபோய் எல்லோரும் சாக்குப் பைக்கு மாறியிருந்த காலம் அது. டைரக்டர் கூடைதான் வேண்டும் என்றதால் கூரைக்கடியில் பரண் மாதிரி இருக்கும் அட்டத்தில் கிடந்த பழைய கூடையைத் தட்டித் துடைத்து முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"நடு ரோட்டுல நிக்கணும்மா. ஜீப் வந்தா அசையக் கூடாது. அவ்வளவுதான்" என்றார் டைரக்டர்.

"அவ்வளவுதானே தம்பி" என்றாள் அம்மா.

வளைவில் ஜீப் உறுமியதுதான் தாமதம், அம்மா கூடையோடு கானுக்குள் நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை ஜீப்பைப் பார்க்கவே வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், சத்தம் கேட்டதும் கண்ணை மூடியபடியே இறங்கினாள். நான்காவது தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற தாயைப் பார்க்க அவமானமாக இருந்தது.

"டிரைவர் கெட்டிக்காரரும்மா, மேல ஏத்திட மாட்டார்" என்றார் டைரக்டர் பொறுமையாக.

"எனக்குத் தெரியுது தம்பி. இந்தக் காலுக்குத் தெரியலையே."

ஆட்களை மேய்க்க வந்திருந்த கங்காணி, முதல் லயத்துக்காரர், குறுக்கே புகுந்தார். "கடைசி லயத்து ஆளுங்க சார். இதெல்லாம் இதுகளுக்கு வராதுங்க. வேற ஆளு கூட்டியாரட்டுங்களா?"

 அம்மா நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தான் இறங்கிக்கொண்டிருந்த அதே இடத்தில், கானுக்குள் என்னை உட்கார வைத்தாள். ஓரத்துப் பெரணிச் செடிகள் என்னைக் கேமராவுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டன.

"இங்கயே குந்தியிரு புள்ள. நீ இருந்தா நான் எப்புடி எறங்குவேன்? ஒன்ன மிதிச்சிருவேன்ல."

ஜீப் வந்தது. கீழேயிருந்து பார்த்தபோது அம்மாவின் கால்விரல்கள் தார் ரோட்டைப் பிராண்டின. ஒரு குதிகால் எழும்பியது, மறுபடி ஊன்றியது.  அவள் ஜீப்பைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பயந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. ஒரு கை தூரத்தில் ஜீப் நின்றது. அம்மா நகரவில்லை. டைரக்டர் கைதட்டினார், கங்காணி அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்தார், அம்மா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியுமா? குழாயடியில் முதல் லயத்துப் பிள்ளைகளிடமே போய், "எங்கம்மா ஜீப்பையே நிறுத்துனவ" என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

சினிமாக்காரர்கள் போன மறுவாரம், காலையில் "பெரட்டு"க்கு, அதாவது ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, அம்மாவோடு நடந்துகொண்டிருந்தேன். வளைவில் ஜீப் சத்தம், இந்த முறை நிஜத் தொரை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் கையை உதறிவிட்டு ஓடி, கானுக்குள் குதித்து, குந்தி உட்கார்ந்து, அண்ணாந்து அவளைப் பார்த்தேன். என்னை மிதிக்க மாட்டாளே, நின்றுதானே ஆக வேண்டும்.

அம்மா என் பக்கத்தில் இறங்கினாள். தலைத்துணியை உருவினாள். என்னைத் தன் முழங்காலோடு சேர்த்து இழுத்து, என் தலையையும் குனிய வைத்தாள். ஜீப் சேற்றுத் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

"ஏம்மா எறங்குன?" என்று அழுதேன்.

"அது படம்டி. இங்க நின்னா பேரு வெட்டிருவாங்க, வேல போயிரும். ஒனக்கு ஆறாங்கிளாசு இருக்குல்ல" என்று என் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

நான்கு நாள் அவளோடு பேசவில்லை. அவள் வழக்கம்போல ரொட்டி சுட்டுத் தந்தாள், நான் தின்றேன், பேசவில்லை.

படம் வந்தபோது குன்னூர் தியேட்டருக்குப் போனோம். அம்மாவின் முதுகு மூன்று விநாடி வந்தது, உடனே கதாநாயகியின் முகம், கண்ணில் நெருப்புப் பறக்க. தியேட்டரே விசிலடித்தது. "அந்தக் கூடை நம்மளதுதானே?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

இப்போது அந்த எஸ்டேட்டில் மூன்று லயங்களுக்குக் கூரையில்லை. மிச்சமிருக்கும் ஒன்றில் வடக்கிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். மேனேஜர் காரில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகிறார், யாரும் இறங்குவதில்லை, கானும் மண் மூடித் தூர்ந்துவிட்டது. அது ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின மழையில் அம்மாவும் போய்விட்டாள், வருத்தமெல்லாம் அதற்குத்தான். வீட்டில் மாட்டியிருப்பது அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய போட்டோ, அதில் அம்மா யாரோ மாதிரி இருக்கிறாள். ஆகவே போனில் அந்த மூன்று விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறேன். ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பிறகு நடிகையின் கோப முகம்தான் வருகிறது. எனக்கு வேண்டியது அம்மாவின் பயந்த முகம். அதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை.

அன்றைக்கு அவள் ரோட்டில் நின்றதும் நான் கானுக்குள் இருந்ததால்தான், பிறகு தொரையின் ஜீப்புக்கு இறங்கி வந்ததும் நான் கானுக்குள் இருந்ததால்தான். எனக்கென்று ஒரு மகள் பிறந்த பிறகுதான் இது புரிந்தது. அந்த நான்கு நாளுக்காக அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.