சென்னிமலைப் பக்கம் சுட்ட மெக்சிகோ ரொட்டி

சென்னிமலைக்குப் போகிறவர்கள் போர்வை வாங்கப் போவார்கள், அல்லது மலையேறி முருகனைக் கும்பிட. நான் 1965 மாசியில் போனது மக்காச்சோளத்துக்காக. கோவையில் ஒரு விதைக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒட்டுரக மக்காச்சோளம் அள்ளிக் கொடுக்கும் என்று, சென்னிமலைப் பக்கம் விவசாயம் பார்த்துவந்த என் அக்கா ராமாத்தாளிடம் அளந்துவிட்டு வந்தேன். தம்பி பேச்சை நம்பி இரண்டு ஏக்கர் விதைத்துவிட்டாள். அமோகமாக விளைந்தும் விட்டது. கருது, அதாவது கதிர், ஒடிக்கத்தான் ஆளில்லை.

எங்கள் பக்கம் அப்போதெல்லாம் அறுப்புக்கூலி தானியம்தான். இந்தத் தானியத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? உரலில் குத்தினால் தோல் போகவில்லை. களி கிண்டினால் மணலாக நறநறத்தது. அக்கா கிண்டிக் கொடுத்த களியை அறுப்புக்காரப் பெண்கள் "நல்லாருக்குதுங்க" என்று தின்றார்கள். நாளைக்கு வாரமுங்க என்றும் சொன்னார்கள். ஒருத்தியும் வரவில்லை. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லும் வழக்கம் கொங்கில் கிடையாது. திங்கட்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் மாட்டை விட்டு மேய்த்துவிடுவேன் என்று அக்கா சொல்லியனுப்பினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்சிகோவிலிருந்து மக்காச்சோள ஆராய்ச்சிக்கு வந்திருந்த லூபே என்ற பெண்மணி எங்கள் கிடங்குக்கு வருவார். அவரிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில் புலம்பினேன். சுண்ணாம்பு போட்டு வேகவைத்தீர்களா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. சுண்ணாம்பு வெற்றிலைக்கு, சுவருக்கு, சாப்பாட்டுக்கா? தானே வந்து செய்து காட்டுவதாகச் சொன்னதும் உடனே சனிக்கிழமைக்கு நாள் குறித்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மதுக்கரை பஸ். பத்து கிலோமீட்டர், முப்பது காசு. அங்கே சுண்ணாம்பு சுடும் காளவாயில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பி, பதினொன்றரை பாசஞ்சரைப் பிடித்தோம். ஈங்கூர் வரை சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர், மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் தொண்ணூறு காசு, இரண்டே முக்கால் மணி நேரம். அங்கிருந்து மூன்று மைல் மாட்டுவண்டி, ஒரு ரூபாய்.

வேலியோர ஆனைக்கற்றாழையைக் காட்டி, இது எங்கள் ஊர்ச் செடி, இதிலிருந்து கள் மாதிரி இறக்கிக் குடிப்போம் என்றார் லூபே. மொழிபெயர்த்தேன். மதுவிலக்குக் காலம் அல்லவா, வண்டிக்காரர் வண்டியையே நிறுத்திவிட்டு விவரம் கேட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு படி மக்காச்சோளத்துக்கு ஒரு பாக்களவு சுண்ணாம்பு கரைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் வேகவைத்து, அப்படியே விடியும்வரை ஊறவிட்டோம். காலையில் நாலு தண்ணீரில் அலசியதும் தோல் தானாகக் கழன்றது. லூபே அம்மியின் முன்னால் மண்டியிட்டு அரைக்க ஆரம்பித்தார். அவர் ஊரிலும் அம்மி உண்டாம், மூன்று கால் வைத்ததாம். மாவைப் பிசைந்தபடி அவர்களுடைய பழங்கதை ஒன்றைச் சொன்னார். சாமி முதலில் மண்ணால் மனிதனைச் செய்தார், கரைந்துவிட்டான். மரத்தால் செய்தார், நெஞ்சில் ஈரமில்லை. மூன்றாவதாக மக்காச்சோள மாவில் பிசைந்தார், நாம் வந்தோம்.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப சாமியே ரெண்டுவாட்டி கெடுத்துப்போட்டுத்தான் செஞ்சாருங்களா அம்மணி? நாங் கெடுத்தது ஒருவாட்டிதானுங்க."

கையால் தட்டித் தோசைக்கல்லில் சுட்டு, தக்காளியும் மிளகாயும் அரைத்து வைத்தார். இரண்டுமே தங்கள் நாட்டிலிருந்து வந்தவை என்றார். மிளகாயை விட்டுக்கொடுக்க மட்டும் அக்கா சம்மதிக்கவில்லை.

அக்கா ஆளனுப்பிக் கூப்பிட்டதும் அறுப்புக்காரப் பெண்கள் வந்து தின்றார்கள். யாரும் நல்லாருக்கு என்று சொல்லவில்லை. கருப்பாயி என்ற பெண் மென்றுகொண்டே அக்காவைப் பார்த்தாள். "உப்பு பத்தலீங்க. இன்னொண்ணு போடுங்க." பிறகு கேட்டாள்: "சுண்ணாம்பு எத்தனைங்க போடோணும்?" எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்றைக்குச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: காளவாய்க்கு அலைய வேண்டாம், வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பு போதும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, மண்சட்டி நல்லது. தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். மலையேறுவதென்றால் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், மாசி வெயில் பொல்லாதது. விருந்துக்கு வந்தவர்கள் புகழ்ந்தால் நம்பாதீர்கள், குறை சொன்னால் நம்புங்கள்.

அன்று கலைந்து போகும்போது, நாளைக்கு வாரமுங்க என்று ஒருத்தியும் சொல்லவில்லை. திங்கட்கிழமை விடிந்தபோது ஒன்பது பேர் எங்களுக்கு முன்பே சோளக்காட்டில் நின்று கருது ஒடித்துக்கொண்டிருந்தார்கள். கூலி வாங்கிப்போக ஆளுக்கொரு சாக்கு கொண்டுவந்திருந்தார்கள்.