பரக்கத் அலி சொன்ன ‘பாக்கலாம்’

ஸ்ரீரங்கத்து ரஞ்சனிக்குக் கோபம் வந்தால் கம்ப்யூட்டரோடுதான் சண்டை. “சனியனே, உனக்காக எத்தனை நாளைக்கு எல்லாத்தையும் ரெண்டு தடவை எழுதறது?” என்பாள். திட்டு பழைய கம்பைலருக்கு. எழுதிய புரோகிராமை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது அது. புதிய கம்பைலர்கள் வந்து வருஷக்கணக்காகியும், அதையும் கட்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.

பகலில் திருச்சியில் ஆபீஸ் வேலை. மிச்ச நேரத்தில், எலெக்ட்ரானிக் தராசு காட்டும் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் லைப்ரரி, அதாவது மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் தொகுப்பு, ஒன்றைப் பராமரித்தாள். ஓப்பன் சோர்ஸ்; எந்த ஊர்க்காரரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பாடு மட்டும் இவள் தலையில்.

அடுத்த வெர்ஷனோடு பழைய கம்பைலரைக் கழற்றிவிடலாமா என்று இணையத்தில் கேட்டாள். ஒருவரும் மறுக்கவில்லை. தொட்டியம் வாழைக்காய் மண்டிகளில் தராசு மாட்டித் தரும் பரக்கத் அலியிடம் போனிலும் கேட்டாள். தராசோடு அவர் மாட்டிய பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு அந்தப் பழைய கம்பைலரை விட்டால் கதியில்லை.

“பெட்டியை மாத்திக்குவீங்களா பாய்?”

“பாக்கலாம்மா.”

அப்பாடா என்று அறிவிப்பைப் போட்டுவிட்டாள். ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று திருச்சிக்காரிக்குத் தெரியாதா? பாலிசி போடச் சொல்லி வருகிறவர்களை இவளே எத்தனை தடவை அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்! தனக்கு வேண்டியதைக் கேட்கும்போது காது அப்படித்தான் வேலை செய்யும் போல.

மழை பிடித்ததும் ஈரத்தில் மண்டித் தராசுகள் எடையைத் தாறுமாறாகக் காட்டின. அதைச் சரிக்கட்டும் திருத்தம் ரஞ்சனி வெளியிட்ட புது வெர்ஷனில்தான் இருந்தது. பாயின் பெட்டிகளில் அது ஏறாது. வியாபாரிகள் அவர் சட்டையைப் பிடிக்காத குறைதான். சத்திரம் பேருந்து நிலையத்து டீக்கடையில் வாடிப்போன முகத்தோடு ரஞ்சனியைப் பார்த்தார்.

“முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய்?”

“எப்படிம்மா சொல்றது? சும்மா செஞ்சு குடுக்கறீங்க. எந்த வாயால இன்னும் கேக்கறது?”

ரஞ்சனிக்குச் சுருக்கென்றது.

பழைய கம்பைலருக்கும் இன்னும் ஒரு வருஷம் திருத்தங்கள் வரும் என்று அன்றைக்கே அறிவிப்பை மாற்றினாள். அதற்குள் பெட்டிகளை மாற்றிவிடுவதாகப் பாய் தேதி போட்டுச் சொன்னார். லைப்ரரியில் கூட வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரே ஒரு ஆளுக்காகவா இத்தனையும் என்று எழுதிக் கேட்டார்.

“நம்மிடம் வந்து சொன்னது ஒரே ஒரு ஆள்” என்று பதில் போட்டாள் ரஞ்சனி.