பெயிண்டைக் கொடுத்துத் தகரம் வாங்கிய கதை

எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு சுவருக்கு மூன்று கம்பெனிகள் பெயிண்ட் அடிக்கக் கிளம்பி வந்தன. கொழும்பில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இத்தனைக்கும் வந்தவர்கள் எல்லாருமே கொழும்புக்காரர்கள்தான்.

ஹட்டனில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். உதவி செய்ய ஆசைப்படும் கம்பெனிகளையும் உதவி தேவைப்படும் தோட்டத்து மக்களையும் சேர்த்து வைப்பது என் வேலை. என் அம்மா இதைக் கல்யாணத் தரகு என்பார். தரகருக்காவது கல்யாணச் சாப்பாடு கிடைக்கும். எனக்கு இரண்டு வீட்டாரிடமும் திட்டுத்தான் கிடைக்கும். ஆனால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதனால்தான் இன்னும் குழம்பிப்போய் இருக்கிறேன்.

நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் ஒரு தோட்டம். அதில் இரண்டு பிள்ளைக் காம்பராக்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு எங்களிடம் அதுதான் பெயர். வாசல் போர்டில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருக்கும். போர்டைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையை விடுவதில்லை. கீழ் டிவிஷனில் உள்ள காம்பரா ரோட்டோரத்தில், பஸ் நிறுத்த இடத்தோடு, நல்ல கூரையோடு இருக்கிறது. மேல் டிவிஷனில் உள்ளதற்குத் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க ஏற வேண்டும். அதன் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, மழை வந்தால் தொட்டிலுக்குள்ளேயே சொட்டும். அப்படிப்பட்ட நாட்களில் அங்கே இருக்கும் ஆயா பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார். வேறு வழி அவருக்கும் இல்லை.

மேல் டிவிஷனில் ஒரு இளம் தாய் இருந்தாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. காம்பரா மூடினால் அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாது. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அதாவது சம்பளம் இல்லை. கூரை விஷயத்தை முதன்முதலில் என்னிடம் சொன்னதே அவள்தான்.

“மழ பேஞ்சா எனக்கு வேல இல்லீங்க மிஸ். இங்க மழ பேயாத மாசம் எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றாள்.

நான் வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன். வாக்குக் கொடுப்பது எனக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி.

முதல் கம்பெனி வந்தபோது கூரையைப் பற்றித்தான் பேசினேன். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து ஒருநாள் கைவேலை செய்ய ஆசைப்படுகிறார்கள், கூரை மேல் அவர்களை ஏற்ற முடியாது, விழுந்து கையைக் காலை உடைத்தால் யார் பொறுப்பு, பெயிண்ட் என்றால் எல்லாரும் அடிக்கலாமே என்றார்கள். மேல் டிவிஷன் காம்பராவுக்காவது அடிக்கலாம் என்றேன். அங்கே பஸ் போகாதே என்றார்கள். பஸ் போகாதது உண்மைதான்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கம்பெனிகள் எப்போதும் சிவனொளிபாத மலைக்குப் போகும் சீசனில்தான் வரும். பகலில் பெயிண்ட் அடித்துவிட்டு, அப்படியே அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய் மலை ஏறிவிட்டுத் திரும்புவார்கள். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் கொஞ்சம் வெயில் தலைகாட்டும். ஆகவே மேலே கூரை ஒழுகுவதை அவர்களில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை வாருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அட்டை கடிக்குமே என்றார்கள். அதுவும் உண்மைதான்.

முதல் கம்பெனி கீழ்க் காம்பராச் சுவரில் மஞ்சள் அடித்துப் பூ வரைந்தது. அடுத்த வருடம் வந்த கம்பெனி அந்தப் பூவை மூடி, பச்சை அடித்து, தன்னுடைய நிறமான நீலத்தில் வரிசையாக யானைகள் வரைந்தது. இரண்டு தடவையும் பெயிண்ட் வாசம் போகும்வரை பிள்ளைகளை லயத்து வீடுகளின் வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு தடவையும் தோட்டத்துப் பெண்கள் வந்தவர்களுக்கு மாலை போட்டு, வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்கள். வந்தவர்களும் நல்ல மனிதர்கள். வடையை ருசித்துச் சாப்பிட்டார்கள், பிள்ளைகளைக் கொஞ்சினார்கள், ஒரு பெண் கிளம்பும்போது அழுதேவிட்டாள். எங்கள் நிறுவனத் தலைவர் இதற்குக் கூட்டாண்மை என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டார். நான் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபப்பட்டேன்.

யானை வரைந்த அன்று அந்த இளம் தாய் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுபோகக் கீழே வந்திருந்தாள். வேலியோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் கூரை என்ன ஆச்சு என்று அந்தப் பார்வை கேட்பதாகவே எடுத்துக்கொண்டேன்.

அதே சீசனில் மூன்றாவது கம்பெனி வந்தபோது, கேட்டுக் கேட்டு அலுத்து, கூரைப் பேச்சையே விட்டிருந்தேன். ஒழுங்கு செய்யும் பொறுப்பு ஒரு சிங்களப் பெண்பிள்ளையிடம் இருந்தது. எதற்கும் “ஹரி அக்கே, ஹரி” என்று சரி சொல்லும் நல்ல பிள்ளை. எந்தக் கட்டடம் என்று கேட்டாள். கீழ்க் காம்பரா என்று சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. வேண்டிய பெயிண்டை அவள் முன்கூட்டியே ஹட்டனில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் ஹார்ட்வெயார் கடையில் சொல்லி வைத்திருந்தாள். நான் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, வாளிகளை வெளியே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அதே செவுருதானா மிஸ்? இப்பிடியே அடிச்சிக்கிட்டுப் போனா உள்ளுக்கு எடம் சுருங்கிப் போயிடுமே.”

அந்தக் கேலி எனக்குள் எங்கேயோ பற்றவைத்தது. யோசிக்கவே இல்லை, கேட்டுவிட்டேன்.

“இந்தப் பெயிண்ட நீங்களே திரும்ப எடுத்துக்கிட்டு, அதுக்குப் பதிலா கூரைத் தகரம் தருவீங்களா நானா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கம்பெனிக்காரங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுக்குவாங்க” என்றேன்.

தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், ஏற்கனவே, தகரம் வந்தால் ஆசாரியை அனுப்பிப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். துரையை மடக்கியாயிற்று, கடைக்காரரை மடக்கியாயிற்று. பஸ்ஸில் வரும் ஆட்களை என்ன செய்வது என்பதை மட்டும் அன்றிரவு படுத்தபிறகுதான் யோசித்தேன்.

மறுநாள் காலையில் பஸ் வந்து நின்றது. ஒரே நிற டீசேர்ட் போட்ட கூட்டம் கையில் பிரஷ்ஷோடு இறங்கியது. ரோட்டோரம் தகரங்கள் அடுக்கியிருந்தன. பெயிண்ட் வாளி ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்பிள்ளை என்னைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் வாயிலிருந்து ஹரி வரவில்லை.

நான் சிங்களத்தில் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். மேலே ஒரு காம்பரா இருப்பது, மழை பெய்தால் அது மூடுவது, அது மூடினால் தாய்மாருக்கு வேலை இல்லாமல் போவது, பெயிண்டைத் தகரமாக மாற்றியது. வேலை போனாலும் பரவாயில்லை, இன்றைக்குச் சண்டை போட்டே தீர்வது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தேன். கம்பெனியின் பெரியவர், தொப்பையும் தொப்பியுமாக நின்றவர், அண்ணாந்து மலையைப் பார்த்தார்.

“நாம மலை ஏறத்தானே வந்தோம்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, குனிந்து ஒரு தகரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். சண்டையே இல்லை. இருவர் இருவராகத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினார்கள். காற்று தகரத்தைப் பிடித்து இழுத்தது, ஆட்கள் வழுக்கி விழுந்தார்கள், விழுந்தவர்கள் சிரித்தார்கள். மலையில் நின்ற பெண்கள் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு, “ஐயோ, பாத்துப் பாத்து!” என்று கத்தினார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. இவ்வளவு சுலபம் என்றால் இத்தனை நாள் ஏன் நடக்கவில்லை? நான் சரியாகக் கேட்கவில்லையா, அவர்கள் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லையா? கேட்காமல் செய்ததால்தான் நடந்ததா? அப்படியென்றால் நான் பார்க்கும் வேலைக்கு என்ன அர்த்தம்? மேலே போய்ச் சேரும்வரை இதையே போட்டு உழப்பிக்கொண்டு நடந்தேன்.

தகரத்தை இறக்கி வைத்து, போட்டோ எடுத்து, அவர்கள் நல்லதண்ணிக்குக் கிளம்பிப் போனார்கள். துரை சொன்னபடி ஆசாரியை அனுப்பினார். கூரை ஏறியது.

மழைக்காலம் பிடித்த பிறகு ஒருநாள், கொட்டுகிற மழையில் வேண்டுமென்றே மேலே போனேன். என் காலில் ஏறிய அட்டைகளைக்கூட அன்றைக்கு நான் திட்டவில்லை. உள்ளே தரை காய்ந்து கிடந்தது. தகரத்தில் மழை போட்ட சத்தத்தில் ஆயா சைகையால் பேசினார். எல்லாத் தொட்டிலிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த இளம் தாய் பால் கொடுக்க வந்தாள். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியிலிருந்து தண்ணீர் வடிந்தது. அதை அவிழ்த்து வாசலில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை எடுத்து, என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

“இந்த மாசம் ஒரு பேருகூட விடலீங்க மிஸ்” என்றாள். நான் எதிர்பார்த்து ஏறிவந்ததே அந்த வார்த்தைக்குத்தான்.

பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

“பெயிண்ட் அடிக்கிறவுங்க இனிமே வரமாட்டாங்களா மிஸ்?”

“எதுக்கு? அதான் கூரை போட்டாச்சே!”

“கூரை போட்டது பெரிய உதவிங்க. ஆனா கீழ செவுத்துல யானை இருக்குல்ல, இவளுக்கு அதுன்னா உசிரு. கிளினிக்குக்குப் போறப்பெல்லாம் வேலி ஓரமா நின்னு காட்டிட்டுத்தான் போவேன். கைய நீட்டி நீட்டித் தாவுவா. இங்க நாள் முச்சூடும் வெறுஞ் செவுத்தப் பாத்துக்கிட்டே கெடக்குறா. இங்கயும் ஒண்ணு வரைஞ்சு குடுப்பாங்களான்னு அன்னிக்கே கேக்க நெனச்சேங்க. நீங்க ரொம்பக் கோவமா இருந்த மாதிரி தெரிஞ்சிச்சு. அதான் கேக்கல.”

நான் சுவரைப் பார்த்தேன். புகை ஏறிய, ஈரக்கறை படிந்த சுவர். முன்பு எத்தனையோ தடவை வந்திருந்தும் அண்ணாந்து கூரையைப் பார்த்ததைத் தவிர அந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை. அன்று வேலியோரம் அவள் நின்றது பிள்ளைக்கு யானை காட்டவா? அந்தப் பார்வையை வைத்துக்கொண்டுதானே இவ்வளவும் செய்தேன்! கூரை வேண்டியதாகத்தான் இருந்தது, அதில் பிழையில்லை. ஆனால் பெயிண்டை இவ்வளவு கேவலமாக நினைத்தேனே, அதை இவள் ஆசைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாளே. நான் யாருக்காகக் கோபப்பட்டேன் என்றே எனக்கு விளங்கவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு மழையில் இறங்கிவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு நானா கல்லாவில் கையை ஊன்றிச் சிரித்தார்.

“அன்னைக்கு பெயிண்டத் தந்து தகரம் கொண்டு போனீங்க. இன்னைக்கு தகரத்தத் தந்து பெயிண்டா?”

“தகரம் அங்கயே இருக்கட்டும் நானா. பெயிண்ட் கொஞ்சமாப் போதும். ஒரு யானை அளவுக்கு.”

“அப்பிடின்னா நானே சும்மா தாறேன். என்ட கடையும் ஒரு கம்பெனிதானே. ஆனா போட்டோ ஒண்ணு வேணும், கடையில மாட்ட” என்றார். விளையாட்டாகத்தான் சொல்கிறார் என்று பார்த்தால், எந்த இடத்தில் மாட்டுவது என்று சுவரைக்கூடக் காட்டினார்.

பிறகு உள்ளே திரும்பி, அலுமாரித் தட்டில் அடுக்கியிருந்த சின்ன டின்களைத் தடவிக்கொண்டே கேட்டார். “சரி, என்ன கலர்?”

நீலம் என்று சொல்ல வாயெடுத்தேன். நீலம் அந்தக் கம்பெனியின் நிறம். பிள்ளைக்கு அந்த நீலம் பிடித்திருந்ததா, யானை என்பதால் பிடித்திருந்ததா? சாம்பல் என்றால் சரியாக இருக்குமா? எனக்குத் தெரியவில்லை. கடையில் பின்னால் நின்ற ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். நானா ஒரு கையில் நீல டின்னையும் மறு கையில் சாம்பல் டின்னையும் தூக்கிக் காட்டினார்.

“ரெண்டையும் வச்சிருங்க நானா. கேட்டுட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டு நோட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.