ஒற்றைக் கைக்கு ஒரு கத்தி

இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வலது கையால் மடக்குக் கத்தியைக் காதருகே பிடித்துத் திறக்கிறார். 'ச்சக்'. கண்களை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். மடக்குகிறார். மறுபடியும் திறக்கிறார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கும் டாக்டரின் முகம். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் கத்திக்கடைக்காரர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். இது ஒன்பதாவது நாள்.

"அண்ணே, பொண்ணு பாக்க வர்றவங்ககூட ரெண்டாவது தடவையில பதில் சொல்லிடுவாங்க."

"இருப்பா. குடும்பம் நடத்தப்போறது நீயா?"

கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கப் போயிருந்த நான், அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பினேன். எங்கள் தெருக்கோடிப் பட்டறையில் சோபாவுக்கும் நாற்காலிக்கும் துணி மாற்றித் தருகிறவர். எல்லோருக்கும் சோபாக்காரர். வாயின் ஒரு ஓரத்தால்தான் பேசுவார். மறு ஓரத்தில் எப்போதும் சிறு ஆணிகளை அடக்கி வைத்திருந்து பழகிய வாய் அது. ஆணி இல்லாதபோதும் அப்படியே கோணிக்கொள்ளும். துக்க வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலியின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். "பாவம், இதுவும் தொங்கிப்போச்சு" என்று அவர் முணுமுணுக்க, பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நானே பார்த்திருக்கிறேன்.

ஒன்பது விரல்களின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுவார். வலது பெருவிரல் நகம் மட்டும் நீளமாய், மஞ்சளாய், கெட்டியாய் வளர்ந்திருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு.

மணமான முதல் வாரம். பட்டறைக்கு வந்த புதுப்பெண், பழைய துணியின் தையலைப் பிரிக்க அவருடைய மடக்குக் கத்தியை எடுத்தாள். நகத்தால் நெம்பினால்தான் திறக்கும் முரட்டுக் கத்தி. அவள் நெம்பினாள், நகம் பாதியோடு பிய்ந்தது. ரத்தத்தைப் பார்த்து அவள் அழவில்லை, இவர்தான் அழுதார். அன்றிலிருந்து முப்பத்தோரு வருடங்கள், அந்தக் கத்தியை இவர்தான் திறந்தார். நகத்தால் நெம்பித் திறந்து, கைப்பிடியை அவள் பக்கம் திருப்பி, நீட்டுவார். அவள் வாங்கிக்கொள்வாள். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் கத்தி மட்டும் திறந்து நீட்டப்பட்டது, வாங்கிக்கொள்ளப்பட்டது.

அவள் பிரிப்பாள், அவர் தைப்பார். அதுதான் பட்டறையின் ஏற்பாடு. சோபாவின் வயிற்றைக் கிழித்தால் என்னென்னவோ வெளியே வரும். சீப்பு, ஒற்றைத் தோடு, சாவி, ஒரு முறை யாருடைய பல்செட்டோ. எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்து, உரியவர்கள் வரும்போது நீட்டுவாள். "உங்க பல்லு எங்க சோபாவைக் கடிச்சுட்டு இருந்துச்சுங்க" என்பாள். அந்தப் பட்டறையில் சிரிப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். பேச்சு திரும்பியது. கால் கொஞ்சம் திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. சுடுநீர் பட்டாலும் தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது. அப்படி ஒரு கை மடியில் கிடக்கும்போது பக்கத்தில் திறந்த கத்தியை வைக்க முடியுமா? மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் கத்தியாகத்தான் இருக்க வேண்டும். அதை அவள் ஒற்றைக் கையால் திறக்க வேண்டும்.

"நான் திறந்து குடுக்கிறேன். இவ்வளவு நாளா குடுக்கலையா?" என்றாராம் அவர்.

"அப்போ எனக்கு ரெண்டு கை இருந்துச்சு. நீங்க குடுத்தீங்க, நான் வாங்கிக்கிட்டேன். இப்போ குடுத்தா அது வேற. என் கத்தியை நானே திறக்க முடிஞ்சா பட்டறைக்கு வரேன். இல்லைன்னா விட்டுடுங்க."

அதற்குப் பிறகு அவள் உள்ளறை ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். தகரப் பெட்டி மூடியே கிடந்தது. இவர் கத்திக்கடைக்கு நடக்க ஆரம்பித்தார்.

பட்டனை அழுத்தினால் தானே பாயும் கத்தியைக் கடைக்காரர் காட்டியபோது பின்வாங்கினார். "இது ரவுடி கத்திப்பா. என் பொண்டாட்டியே போதும் எனக்கு." முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியைச் சுண்டினால் திறக்கும் கத்தி வேகமாக இருந்தது, ஆனால் சுண்டும்போது மணிக்கட்டு ஆடியது. "அவ கை ஆடக்கூடாது." ஒன்பதாவது நாள், அலகின் பக்கவாட்டில் சிறு குமிழ் வைத்த கத்தி ஒன்று மனதுக்குப் பிடித்தது. பெருவிரலால் குமிழைத் தள்ளினால் அலகு வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு தகடு ஒதுங்கி வந்து பூட்டிக்கொண்டது. நூறு முறையாவது திறந்து மூடியிருப்பார். துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துக்கொண்டு போனார்.

துணி மாற்றக் கொடுத்திருந்த என் நாற்காலியைக் கேட்கும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். போயிருக்க வேண்டாம்.

அவள் கத்தியை இடது கையில் வாங்கினாள். பெருவிரலால் தேடினாள். குமிழ் இல்லை. அது மறுபக்கத்தில், அவள் உள்ளங்கைப் பக்கம் இருந்தது. வலது கைக்காரர்களுக்கென்றே செய்த கத்தி. திருப்பிப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு அதை மெதுவாக மடியில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கை போச்சுன்னு மறந்துட்டீங்களா?"

இடி விழுந்ததுபோல் நின்றார் மனிதர். மறக்கவில்லை. அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர்தான், சட்டைக்குள் நுழைத்துவிடுவது அவர்தான். ஆனால் கத்தி என்று வந்தால் அவர் மனதில் நீள்கிற கை ஒன்றுதான். முப்பத்தோரு வருடங்கள் அவர் நீட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்ட அந்த வலது கை. ஒன்பது நாளும் தன் வலது கையில் அந்தக் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஆணி ஒன்றும் இல்லை.

மறுநாள் சோபாவுக்கு அடியில் கட்டும் பட்டை நாடாவால் தன் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கடையில் வந்து நின்றார்.

"ஐயோ, கைக்கு என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. இப்பத்தான் புத்தி வந்திருக்கு. எல்லாத்தையும் மறுபடி எடு."

இடது கைக்குப் பழக்கமே இல்லை. இரண்டு முறை கத்தி கீழே விழுந்தது. ஒரு முறை பெருவிரலில் கீறியது. சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார். கடைசியில் அலகின் நடுவே வட்டமாக ஒரு துளை போட்ட கத்தி கிடைத்தது. துளைக்கு இடது வலது கிடையாது. எந்தப் பெருவிரல் வந்தாலும் இடம் கொடுக்கும். அலகைப் பூட்டும் விசையும் கைப்பிடியின் முதுகில் நடுவாக இருந்தது. அதை அழுத்திக்கொண்டு அலகின் முதுகை மேசை விளிம்பில் சாய்த்தால் மடங்கிவிடும். அங்கேயே உட்கார்ந்து திருகைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இன்னும் அரை மணி நேரம் திறந்து மூடினார்.

"அண்ணே, இதையாவது கட்டிக்குவீங்களா?" என்றார் கடைக்காரர். சோபாக்காரர் கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போன வாரம் என் நாற்காலியை வாங்கப் போனேன். இன்னும் முடியவில்லை, முடியாததில் எனக்குச் சந்தோஷம். மேசை விளிம்பில் புதிதாக ஒரு இடுக்கி மாட்டியிருந்தது. நாற்காலியின் பழைய துணி அதில் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்க, எதிரே அவள். வலது கை மடியில் உறங்கியது. இடது கை பையிலிருந்து கத்தியை எடுத்தது. பெருவிரல் துளையைக் கண்டுகொண்டது. 'ச்சக்'. தையல் ஒவ்வொன்றாகத் தெறித்தது. நாற்காலியின் வயிற்றிலிருந்து மூடியில்லாத ஒரு பேனா விழுந்தது.

"இதைத் தேடி வீட்டுல எத்தனை பேரைத் திட்டுனீங்க?" என்றாள் என்னிடம். தகரப் பெட்டி திறந்திருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் அவர் வாய் நிறைய ஆணியோடு, தைக்க வேண்டியதை மறந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கவனித்துவிட்டாள். திறந்த கத்தியை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் மெல்லச் சுழற்றி, கைப்பிடியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இந்தாங்க. அதான் நானே திறக்குறேனே. இனிமே அந்தக் கண்றாவி நகம் எதுக்கு? வெட்டித் தொலைங்க. பாத்துப் பாத்து முப்பத்தோரு வருஷமாச்சு."

அவர் கத்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, மிட்டாயைப் பிடுங்க வந்தவர்களிடமிருந்து ஒளிக்கும் குழந்தையைப் போல, பெருவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கி, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.